லாபம் 49, பணவரத்து 170: எந்த இயந்திரம் வாங்குவது, விலகும் பங்குக்கு என்ன விலை?

கேள்வி: மூன்று பேர் பங்குதாரர்களாக உள்ள ஓர் உற்பத்தி நிறுவனத்தில் கணக்குகளைப் பார்க்கிறேன். புது இயந்திரத்துக்கு இரண்டு யோசனைகள் உள்ளன. சிறியது 200 லட்சம், பெரியது 500 லட்சம். இரண்டுக்கும் ஆயுள் 5 வருடம், கடைசியில் விற்றால் ஒன்றும் தேறாது. ஆலோசகர் தந்த தாளில் பணவரத்து சிறியதற்கு வருடம் 75 லட்சம், பெரியதற்கு 170 லட்சம். ஐஆர்ஆர் (போட்ட பணத்தின் மீது திட்டம் தரும் வருடாந்தர வருமான விகிதம்) முறையே 25.4 சதவீதம், 20.8 சதவீதம். ஆனால் என் கணக்கில் பெரிய இயந்திரத்தால் கூடும் நிகர லாபம் வருடம் 49தான். "500 போட்டு 245 எடுப்பதா?" என்கிறார் நிர்வாக இயக்குநர். தள்ளுபடி விகிதமாக, அதாவது வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதமாக, வங்கி வட்டியான 10 சதவீதத்தை வைத்தேன், சரியா? ஆய்வு அறிக்கைக்கு ஏற்கெனவே 8 லட்சம் கொடுத்துவிட்டோம், அதைச் சேர்க்க வேண்டுமா? இயந்திரம் வைக்கும் ஷெட் எங்களுடையது, காலியாகக் கிடக்கிறது. இதற்கிடையில் 25 சதவீதப் பங்கு வைத்திருப்பவர் விலகுகிறார். அவர் நிர்வாகத்தில் இல்லை. மற்ற இருவரும் முழுநேரம் உழைக்கிறார்கள், சம்பளம் எடுப்பதில்லை. புத்தகப்படி நிகர மதிப்பு 900 லட்சம். அவரோ லாபத்தைப் போல் 12 மடங்கு வைத்து விலை கேட்கிறார். எது நியாயம்?

பதில்: 49-ம் சரி, 170-ம் சரி. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள், அதுதான் சிக்கல்.

நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்தே பெரிய இயந்திரத்தைப் பார்ப்போம் (தொகைகள் எல்லாம் லட்சத்தில்). கூடுதல் விற்பனை 420, கைவிட்டுப் போகும் செலவு 220, மிச்சம் 200. தேய்மானம் வருடம் 100. மிச்சம் 100-இல், 300 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டி 30 போக 70. அதற்கு 30 சதவீத வரி 21. நிகர லாபம் 49. இதில் தேய்மானம் என்ற 100 யார் கைக்கும் போகவில்லை. அந்தப் பணம் இயந்திரம் வாங்கிய நாளிலேயே 500-ஆகப் போய்விட்டது. 500-ஐயும் கழித்துவிட்டு, வருடா வருடம் 100-ஐயும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும். ஆக 49 + 100 = 149. அடுத்தது வட்டி. கடன் கொடுத்தவருக்கும் முதலாளிக்கும் சேர வேண்டிய வருமானத்தைத் தள்ளுபடி விகிதம் தன்னுள் வைத்திருக்கிறது. எனவே பணவரத்திலும் வட்டியைக் கழித்தால் அதுவும் இரட்டைக் கழிவு. 30 வட்டியைத் திருப்பிச் சேர்க்க வேண்டும், ஆனால் அந்த வட்டி மிச்சப்படுத்திய 9 லட்சம் வரியை விட்டுவிட்டு 21 மட்டும் சேர்க்க வேண்டும். வரிச் சலுகை ஏற்கெனவே தள்ளுபடி விகிதத்துக்குள் கணக்காகிவிடுகிறது. 149 + 21 = 170. ஆலோசகரின் எண் வந்துவிட்டது.

நேர்வழியில் போனால் இன்னும் சுலபம்: வட்டியையே மறந்துவிட்டு, 200-இல் தேய்மானம் 100 போக 100, வரி 30 போக 70, தேய்மானத்தைத் திருப்பிச் சேர்த்தால் 170. சிறியதற்கும் அப்படியே: விற்பனை 180, செலவு 90, தேய்மானம் 40, வரி 15 போக 35, கூட 40, மொத்தம் 75. நிர்வாக இயக்குநரிடம் "500 போட்டு 245 இல்லை, 850 வருகிறது, ஆனால் அது ஐந்து வருடமாகப் பிரிந்து வருகிறது" என்று சொல்லுங்கள். அந்தக் காலதாமதத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பதுதான் அடுத்த கேள்வி.

10 சதவீதம் தவறு. அது வங்கி கேட்கும் விலை. அடமானம் வாங்கிக்கொண்டு, முதல் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு வங்கி 10 கேட்கிறது. எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சினால் மட்டுமே எடுக்கும் பங்குதாரர் அதைவிடக் கூடுதலாகக் கேட்கத்தான் செய்வார். இயந்திரத்துக்கான பணம் முழுக்க வங்கியிலிருந்தே வந்தாலும் இதில் மாற்றமில்லை, ஏனென்றால் வங்கி பார்ப்பது இயந்திரத்தை மட்டுமல்ல, பின்னால் நிற்கும் பங்குதாரர்களின் மூலதனத்தையும் சேர்த்துத்தான். இன்று கடனில் இதை வாங்கினால் நாளை வேறொன்றுக்குக் கடன் வாங்கும் இடம் குறைந்துவிடும்.

வேண்டியது மூலதனத்தின் எடையிட்ட சராசரிச் செலவு, புழக்கத்தில் 'வேக்': கடனுக்கும் பங்குக்கும் ஆகும் செலவை அவற்றின் அளவுக்கேற்பச் சேர்த்த சராசரி. பங்குதாரர் கேட்கும் வருமானத்தைக் கண்டுபிடிக்க, 1964-இல் வில்லியம் ஷார்ப்பும் அடுத்த ஆண்டு ஜான் லின்ட்னரும் வகுத்த முறைதான் இன்றும் பெரும்பாலோர் கையில் இருக்கிறது: அபாயமற்ற விகிதம், அதோடு பீட்டா (சந்தை ஏறி இறங்கும்போது ஒரு பங்கு எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு) பெருக்கல் அபாயமற்ற விகிதத்துக்கு மேல் சந்தை தரும் கூடுதல் வருமானம். அபாயமற்ற விகிதத்துக்கு, பணவரத்து எந்த நாணயத்தில் இருக்கிறதோ அதே நாணயத்தில் உள்ள நீண்டகால அரசுப் பத்திரத்தின் வருமான விகிதத்தை எடுங்கள். இங்கே 7 சதவீதம் என்றும், சந்தையின் கூடுதல் வருமானம் 7 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம்.

உங்கள் நிறுவனம் பங்குச் சந்தையில் இல்லாததால் பீட்டாவைக் கடன் வாங்க வேண்டும். இதே தொழிலில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் சராசரி பீட்டா 1.32, அவற்றின் கடனுக்கும் பங்குக்கும் உள்ள விகிதம் 2:7 என்று கொள்வோம். அந்த 1.32-இல் அவர்களுடைய கடன் சுமையும் கலந்திருக்கிறது. அதை எடுக்க, 1-உடன் (0.7 × 2/7) கூட்டினால் வரும் 1.2-ஆல் வகுக்கவும்: 1.1. இது தொழிலின் அபாயம் மட்டும். இனி உங்கள் கடனை ஏற்றவும். நீங்கள் வைத்திருக்க நினைக்கும் விகிதம் 30:70 என்றால் 1 + (0.7 × 30/70) = 1.3. 1.1-ஐ 1.3-ஆல் பெருக்க 1.43. 1972-இல் ராபர்ட் ஹமாடா காட்டிய வழி இது. பங்கின் செலவு 7 + 1.43 × 7 = 17 சதவீதம். கடனின் செலவு வரிக்குப் பின் 10 × 0.7 = 7 சதவீதம். சராசரி 0.7 × 17 + 0.3 × 7 = 14 சதவீதம். 30:70 என்பது சந்தை மதிப்புப்படி உள்ள விகிதம், இருப்புநிலைக் குறிப்பில் உள்ள புத்தக மதிப்புப்படி அல்ல. புத்தக மதிப்பை எடுத்தால் பெரும்பாலும் கடனின் எடை ஏறி, விகிதம் பொய்யாக இறங்கும்.

14-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. வருடம் 1 வீதம் 5 வருடம் வரும் தொகையின் இன்றைய மதிப்பு 10 சதவீதத்தில் 3.79, 14 சதவீதத்தில் 3.433. பெரிய இயந்திரத்தின் நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது என்பிவி (வரும் பணத்தின் இன்றைய மதிப்பில் போட்ட பணம் போக மிச்சம்), 10-இல் 144, 14-இல் 84. சிறியதற்கு 14-இல் 57.

இப்போது பெரியதற்கு என்பிவி அதிகம், சிறியதற்கு ஐஆர்ஆர் அதிகம். இரண்டும் முரண்படும்போது என்பிவியைத்தான் கேட்க வேண்டும். ஐஆர்ஆர் என்பது விகிதம், அது எவ்வளவு பணத்தின் மீது என்று சொல்லாது. இதைச் சரிபார்க்க நல்ல வழி, கூடுதலாகப் போடும் பணத்தைத் தனித் திட்டமாகப் பார்ப்பது: பெரியதற்கு 300 அதிகம் போடுகிறீர்கள், வருடம் 95 அதிகம் வருகிறது. அதன் ஐஆர்ஆர் 17.6 சதவீதம், 14-ஐத் தாண்டுகிறது. ஆகவே ஆலோசகரின் எண்கள் உண்மையானால் பெரிய இயந்திரம் சரி.

ஐஆர்ஆருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. ஆயுள் முடிவில் பிரித்தெடுக்கவோ கழிவை அகற்றவோ பெரிய செலவு இருந்தால் பணவரத்தின் குறி இரண்டு முறை மாறும். முதலில் 100 போகிறது, முதல் வருடம் 230 வருகிறது, இரண்டாம் வருடம் 132 போகிறது என்று வைத்துப் பாருங்கள்: 10 சதவீதமும் ஐஆர்ஆர், 20 சதவீதமும் ஐஆர்ஆர். எக்செல் இரண்டில் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடும்.

ஆனால் ஆலோசகரின் எண்கள் முழுமையில்லை. நான் தேடியதில் நடைமுறை மூலதனத்துக்கு ஒரு வரிகூட இல்லை. விற்பனை கூடினால் கிடங்கில் சரக்கு கூடும், வாடிக்கையாளரிடம் நிற்கும் பாக்கி கூடும். நீங்கள் சப்ளையருக்கு வைக்கும் பாக்கி அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். உங்கள் பழைய கணக்கில் இந்த நிகரத் தொகை விற்பனையில் 20 சதவீதம் அளவில் நிற்கிறது. அதையே வைத்தால் பெரியதற்கு 84, சிறியதற்கு 36 முதல் நாளே முடங்கும். ஐந்தாம் வருடக் கடைசியில் அது திரும்பி வரும். திரும்பி வருகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடம் கழித்து வரும் 84-இன் இன்றைய மதிப்பு 43.6தான். மிச்சம் 40.4 போனது போனதுதான். சிறியதற்கு அந்த இழப்பு 17.3.

பெரியதன் என்பிவி 84-லிருந்து 43-க்கு இறங்குகிறது. சிறியது 57-லிருந்து 40-க்கு. ஐஆர்ஆர் பெரியதற்கு 16.9, சிறியதற்கு 20.5. கூடுதல் முதலீடு இப்போது 300 இல்லை, 348 (முதல் நாள் போவது பெரியதற்கு 584, சிறியதற்கு 236). அதன் ஐஆர்ஆர் 14-ஐக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. 348 லட்சத்தைக் கூடுதலாக இறக்கி 3 லட்சம் மதிப்பு சேர்க்கிறீர்கள்.

எக்செலில் நீங்களே போட்டுப் பார்க்கும்போது ஒன்றில் கவனம் தேவை. அதிலுள்ள என்பிவி ஃபங்ஷன் முதல் கட்டத்தில் உள்ள எண்ணை முதல் வருடக் கடைசியில் நடந்ததாக எடுத்துக்கொள்ளும். இன்று போகும் 584-ஐயும் உள்ளே கொடுத்தால் எல்லாம் ஒரு வருடம் தள்ளிப்போய் 43-க்குப் பதில் 38 வரும். வருடம் 1 முதல் 5 வரை உள்ளதை மட்டும் ஃபங்ஷனுக்குள் கொடுத்து, 584-ஐ வெளியே கழியுங்கள்.

ஆய்வு அறிக்கைக்குக் கொடுத்த 8 லட்சத்தைச் சேர்க்க வேண்டாம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது திரும்பி வராது. ஷெட் அப்படியில்லை. காலியாகக் கிடப்பதால் செலவில்லை என்று நினைக்காதீர்கள். வருடம் 12 லட்சம் வாடகைக்குப் போகக்கூடியது என்றால், வரி போக 8.4 வீதம் ஐந்து வருடத்துக்கு இன்றைய மதிப்பில் 29 லட்சம் இழக்கிறீர்கள். அப்போது இரண்டு இயந்திரங்களின் என்பிவியும் பதினைந்துக்குள் வந்துவிடும். வாடகைக்கு எடுக்க உண்மையில் ஆள் இல்லையென்றால் பூஜ்யம்தான். இதை விசாரித்துவிட்டு எண்ணைப் போடுங்கள், ஊகத்தில் போடாதீர்கள்.

ஐந்து வருடமும் விற்பனை 420, செலவு 220 என்று ஒரே எண்ணாக இருப்பதையும் கேட்க வேண்டும். 14 சதவீதத்தில் பணவீக்கம் உள்ளே இருக்கிறது, ஏனென்றால் அரசுப் பத்திரத்தின் 7-லேயே அது இருக்கிறது. பணவீக்கம் உள்ள விகிதத்தில் பணவீக்கம் இல்லாத பணவரத்தைத் தள்ளுபடி செய்தால் திட்டம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். விலையும் செலவும் சேர்ந்து ஏறும் என்றால் இரண்டையும் வருடா வருடம் ஏற்றிக் காட்டுங்கள் (தேய்மானத்தை ஏற்றாதீர்கள், அது வாங்கிய விலையில் நிற்கும்). மாறாக, வாடிக்கையாளரோடு ஐந்து வருடத்துக்கு விலை ஒப்பந்தம் போட்டதால்தான் 420 நிலையாக இருக்கிறது என்றால் ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. விலை நின்று, செலவு மட்டும் இரண்டாம் வருடத்திலிருந்து 4 சதவீதம் ஏறினால், பெரியதன் 43 லட்சம் 5 லட்சமாகச் சுருங்கும். எது உங்கள் நிலைமை என்று கடிதத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் விலை திருத்தும் விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த நிலையில் 43-க்கும் 40-க்கும் இடையில் தேர்ந்தெடுப்பது அர்த்தமில்லாத வேலை. எந்த எண் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். விற்பனை விலை எத்தனை சதவீதம் குறைந்தால் என்பிவி பூஜ்யமாகும்? பெரியதற்கு 1 சதவீத விலைக் குறைவு என்றால் 4.2 லட்சம், வரி போக 2.94, ஐந்து வருடத்துக்கு 10.1. ஆக 4.3 சதவீதம் குறைந்தாலே மொத்தமும் கரைந்துவிடும். சிறியதற்கு 1 சதவீதத்துக்கு 4.3 லட்சம்தான் போகும், 9.3 சதவீதம் வரை தாங்கும். புதுச் சந்தையில் சரக்கைத் தள்ள 5 சதவீதம் விலை குறைப்பது அபூர்வமான காரியம் இல்லை.

இன்னொன்று, தாளில் யாரும் எழுதாத மூன்றாவது யோசனை: இரண்டு சிறிய இயந்திரங்கள். 472 லட்சத்தில் விற்பனை 360, என்பிவி 80. பெரியது 584 லட்சத்தில் விற்பனை 420, என்பிவி 43. இரண்டாவது சிறியதை ஒரு வருடம் கழித்து வாங்கினால்கூட அதன் பங்கு இன்றைய மதிப்பில் 35, மொத்தம் 75. அதைவிட முக்கியம், முதல் வருட விற்பனை எதிர்பார்த்தபடி போகாவிட்டால் இரண்டாவதை வாங்காமலே இருக்கலாம். அந்தச் சுதந்திரம் பெரிய இயந்திரத்தில் கிடையாது. இரண்டாவது இயந்திரத்துக்கும் அதே விலையில் சரக்கு விற்குமா, ஆட்கள் கிடைப்பார்களா, ஷெட்டில் இடம் இருக்கிறதா என்ற மூன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏதோ காரணத்தால் இரண்டு சிறியவை முடியாது என்றாலும், நானாக இருந்தால் 3 லட்சத்துக்காக 348 லட்சத்தைக் கூடுதலாக இறக்கமாட்டேன். சிறியதை வாங்குங்கள்.

பங்கு விலைக்கு வருவோம்.

900 என்பது கடந்தகாலச் செலவுகளின் மிச்சக் கணக்கு. எப்போதோ வாங்கிய நிலம் அன்றைய விலையில் நிற்கிறது, வாடிக்கையாளரோடு உள்ள உறவுக்கு அதில் இடமே இல்லை. 12 மடங்கு என்பது வேறு யாருடைய நிறுவனத்தின் விலையோ. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, இயந்திரத்துக்குச் செய்த அதே கணக்கை மொத்த நிறுவனத்துக்கும் செய்யுங்கள். வித்தியாசம் ஒன்றுதான், நிறுவனத்துக்கு ஐந்து வருட ஆயுள் இல்லை.

வரும் வருடத்துக்கு நீங்கள் தந்த மதிப்பீட்டில் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 300. வரி போக 210. தேய்மானம் 90 கூட்டி, புதுப்பிக்கும் மூலதனச் செலவு 120, நடைமுறை மூலதனக் கூடுதல் 20 கழிக்க, கடன் கொடுத்தவர், பங்குதாரர் எல்லோருக்குமாக மிஞ்சும் தடையற்ற பணவரத்து 160. அடுத்த நான்கு வருடங்களுக்கு 176, 190, 202, 212. இந்த ஐந்தின் இன்றைய மதிப்பு 14 சதவீதத்தில் 634. அதற்குப் பிறகு வருடம் 5 சதவீதம் வளரும் என்று கொண்டால், ஆறாம் வருடப் பணவரத்து 222.6-ஐ 14-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 9 சதவீதத்தால் வகுக்க 2,473. இன்றைக்குக் கொண்டுவந்தால் 1,285. மொத்தம் 1,918.

மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு ஐந்து வருடத்துக்கு அப்பால் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பேச்சுவார்த்தையில் சண்டை நடக்க வேண்டிய இடம் அதுதான், பெரும்பாலும் எல்லோரும் சண்டை போடுவது முதல் வருட விற்பனையைப் பற்றி. வளர்ச்சியை 6 என்று வைத்தால் 1,918 என்பது 2,093 ஆகும், 4 என்று வைத்தால் 1,779. தாளின் ஒரே கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றுவதில் 314 லட்சம் ஊசலாடுகிறது. நிரந்தர வளர்ச்சி நாட்டுப் பொருளாதாரத்தின் வளர்ச்சியைத் தாண்ட முடியாது, தாண்டினால் ஒருநாள் நிறுவனம் நாட்டைவிடப் பெரிதாகிவிடும். தோராயமான உச்சவரம்பாக அபாயமற்ற விகிதத்தை வைத்துக்கொள்ளலாம்.

வளர்ச்சி சும்மா வராது என்பது இதைவிட அடிக்கடி தவறவிடப்படுவது. கடைசி வருடத்தில் மூலதனச் செலவைத் தேய்மானத்துக்குச் சமமாக்கிவிட்டு 5 சதவீதம் வளரும் என்று எழுதுவார்கள். புது இயந்திரம் இல்லாமல் எங்கிருந்து வளரும்? ஆறாம் வருடத்தின் வரிக்குப் பிந்தைய இயக்க லாபம் 296.8. புதிதாகப் போடும் மூலதனம் 20 சதவீதம் ஈட்டும் என்றால், 5 சதவீதம் வளர லாபத்தில் கால்பங்கைத் (5/20) திருப்பிப் போட வேண்டும்: 74.2. மிச்சம் 222.6, மேலே எடுத்தது இதைத்தான். புது மூலதனம் 14 சதவீதம் மட்டும் ஈட்டினால் 5/14 பங்கைப் போட வேண்டும், கைக்கு வருவது 190.8. அதை 9 சதவீதத்தால் வகுத்தால் 2,120. 296.8-ஐ நேராக 14 சதவீதத்தால் வகுத்தாலும் அதே 2,120தான் வரும். மூலதனத்தின் செலவான 14 சதவீதத்தை மட்டும் ஈட்டும் வளர்ச்சி மதிப்பில் ஒரு பைசா சேர்ப்பதில்லை. அந்த நிலையில் நிறுவனத்தின் மதிப்பு 1,735. உங்கள் தொழிலில் நெடுங்காலத்துக்கு 20 சதவீதம் நிற்குமா என்பதை விலகுபவரும் வாங்குபவரும் மேசையில் வைத்துப் பேசட்டும். இங்கே 1,918-ஐயே வைத்துக்கொள்கிறேன், அது அவருக்குச் சாதகமான எண்.

அடுத்தது சம்பளம். இரண்டு இயக்குநர்கள் சம்பளம் எடுக்காமல் உழைப்பதால் 300 பெரிதாகத் தெரிகிறது. அவர்களுடைய வேலைக்கு வெளியே இருந்து ஆள் வைத்தால் இருவருக்குமாக வருடம் 40 லட்சம் ஆகும் என்று கொள்வோம். விலகுபவர் தன் பங்கின் விலையில், மற்றவர்கள் இனிமேல் இலவசமாகச் செய்யப்போகும் வேலைக்கும் விலை வாங்குவது நியாயமில்லை. 40-இல் வரி போக 28. அதுவும் 5 சதவீதம் வளரும், 28-ஐ 9 சதவீதத்தால் வகுக்க 311. 1,918-இல் அது போக 1,607. குடும்ப நிறுவனங்களின் மதிப்பீட்டில் வரும் பெரிய திருத்தங்களில் இது ஒன்று. எதிர்த்திசையிலும் வரும்: சந்தைச் சம்பளத்தைவிட அதிகமாக எடுப்பவர்களும் உண்டு.

1,607 என்பது இயங்கும் தொழிலின் மதிப்பு, பங்குதாரர்களின் மதிப்பு அல்ல. வட்டி கட்டும் கடன் 500, ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஓய்வுகாலப் பலன் பாக்கி 60, இரண்டையும் கழியுங்கள். தொழிலுக்குத் தேவையில்லாமல் வங்கியில் கிடக்கும் 80-ஐயும், பயன்படாமல் இருக்கும் நிலத்தின் சந்தை விலை 150-ஐயும் கூட்டுங்கள். தினசரி ஓட்டத்துக்குத் தேவையான ரொக்கத்தைக் கூட்டக் கூடாது, அது ஏற்கெனவே நடைமுறை மூலதனத்தில் இருக்கிறது. பங்கு மதிப்பு 1,277. கால்பங்கு 319.

ஒரு சரிபார்ப்பு: கடன் 500, தொழிலின் மதிப்பு 1,607, அதாவது 31 சதவீதம். 30:70 என்று வைத்துத்தான் 14 சதவீதம் கண்டோம், பொருந்துகிறது. 15 அல்லது 45 என்று வந்திருந்தால் விகிதத்தைத் திருத்தி மறுபடி போட்டிருக்க வேண்டும்.

அவருடைய 12 மடங்கு எங்கே தவறுகிறது? நிகர லாபம் 175 என்று எடுத்து 2,100 என்கிறார், கால்பங்கு 525. சம்பளத்தைக் கழித்தால் லாபம் 147. 1,277-ஐ அதால் வகுத்தால் 8.7 மடங்குதான். பட்டியலில் உள்ள பெரிய நிறுவனத்துக்குக் கிடைக்கும் 12-இல் அதன் வளர்ச்சி, அதன் கடன் அளவு, நினைத்த நாளில் விற்று வெளியேறும் வசதி எல்லாம் அடக்கம். மடங்கைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் ஒன்றை மறக்காதீர்கள்: நிகர லாபத்தின் மடங்கு நேராகப் பங்கு மதிப்பைத் தரும், அதில் கடனை மறுபடி கழிக்கக் கூடாது. வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தின் மடங்கு மொத்தத் தொழிலின் மதிப்பைத் தரும், அதில் கடனைக் கட்டாயம் கழிக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்ட தாள்கள் ஏராளம்.

சுலபமாக விற்க முடியாத பங்கு, சிறுபான்மைப் பங்கு என்று விலையைக் குறைக்கலாமா என்பதை உங்கள் பங்குதாரர் ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். "நியாய மதிப்பில் விகிதாசாரப் பங்கு" என்று எழுதியிருந்தால் பொதுவாக அந்தக் குறைப்புக்கு இடமில்லை. குறைப்பதானாலும் ஒரு முறைதான்: தள்ளுபடி விகிதத்தில் 3 சதவீதம் ஏற்றிவிட்டு, கடைசியில் 20 சதவீதம் குறைப்பதும் சேர்ந்தால் ஒரே அபாயத்துக்கு இரண்டு தண்டனை.

புது இயந்திரத்தை இதில் சேர்ப்பதா? அவர் விலகும் தேதிக்கு முன் முடிவாகி ஆர்டர் போய்விட்டால் அதன் என்பிவியை மட்டும் சேர்க்கலாம். சிறியது ஒன்று என்றால் 40, அவர் பங்குக்கு 10. இயந்திரத்தின் 75 வீதப் பணவரத்தை நிறுவனக் கணக்கில் ஏற்றிவிட்டு, அதற்காகப் போகும் 236-ஐ மறந்தால் விலை காரணமில்லாமல் எகிறும். தேதியை இரு தரப்பும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

விலை ஒத்துவந்த பிறகு தவணையில் கோட்டை விடுகிறார்கள். 319-ஐ வட்டியில்லாமல் மூன்று வருடக் கடைசித் தவணைகளாக, 106.3 வீதம் கொடுத்தால், 10 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 264தான். அவர் 55 லட்சத்தை விட்டுக்கொடுக்கிறார், ஒருவேளை தெரியாமலேயே. 319-க்கே ஒப்புக்கொண்டிருந்தால் தவணை 128.3 வீதம் இருக்க வேண்டும், அல்லது பாக்கிக்கு 10 சதவீத வட்டி என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அவருக்குப் பிணை எதுவும் கொடுக்கவில்லையென்றால் வங்கிக்குக் கொடுக்கும் 10-ஐவிடக் கூடுதலாகக் கேட்பார், அது நியாயமான கோரிக்கைதான்.